விருந்துக்கு மசாலா வாசனையுடன் கிரான்பெர்ரி சாஸ் வீட்டில் செய்வது எப்படி? பையில் அச்சிட்ட அளவுப்படி செய்தும் ஒரு முறை தண்ணீராக ஓடுகிறது, மறுமுறை களியாகிறது, கூடவே கசக்கிறது. எங்கே தவறு?

அளவில் தவறு இருக்க வாய்ப்பு குறைவு. பழம், சர்க்கரை, மசாலா எல்லாவற்றையும் ஒன்றாகப் பாத்திரத்தில் கொட்டி அடுப்பைப் பற்றவைப்பதுதான் பிரச்சினை. கிரான்பெர்ரி பத்து நிமிடத்தில் வெந்துவிடும். முழுப் பட்டையும் கிராம்பும் அதற்குள் வாசனை விடுவதில்லை. வாசனை வரட்டும் என்று கூடுதலாகக் கொதிக்கவிட்டால் பழம் களியாகிறது. அவசரத்துக்கு மசாலாப் பொடியைக் கொட்டினால் கசக்கிறது. கெட்டியாகிவிடுமோ என்று பயந்து முன்னதாக இறக்கினால் தண்ணீராக நிற்கிறது. மசாலாவை முதலில் சர்க்கரைப் பாகில் ஊறவிட்டு, பழத்தைப் பிறகு போட்டால் இந்த மூன்றுக்கும் தீர்வு கிடைத்துவிடும்.

அமெரிக்கக் கடைகளில் கிரான்பெர்ரி பெரும்பாலும் 12 அவுன்ஸ் பையில், அதாவது 340 கிராமாக வரும். அந்த ஒரு பைக்கான அளவு இது: சர்க்கரை 200 கிராம் (ஒரு கப்), தண்ணீர் 180 மி.லி., ஆரஞ்சுச் சாறு 60 மி.லி., ஒரு விரல் நீளப் பட்டை, கிராம்பு 3, சிறிய அன்னாசிப்பூ 1, மெல்லிய வட்டமாக நறுக்கிய இஞ்சி 3 துண்டு, உப்பு இரண்டு சிட்டிகை, கடைசியில் தூவ ஆரஞ்சுத் தோல் துருவல் ஒரு தேக்கரண்டி. இது சுமார் இரண்டரைக் கப் சாஸ் ஆகும். தலைக்குக் கால் கப் என்று வைத்தால் பத்துப் பேருக்குப் போதும். ஆல்ஸ்பைஸ் (மிளகு போன்ற, கிராம்பு வாசனை அடிக்கும் ஒரு மசாலா) போட ஆசைப்பட்டால் கிராம்பை விட்டுவிடுங்கள். இரண்டிலும் வாசனைக்குக் காரணம் யூஜெனால் என்ற ஒரே பொருள்தான். சேர்ந்து போனால் நாக்கு மரத்துவிடும், பழத்தின் ருசி தெரியாது.

இரண்டரை லிட்டருக்குக் குறையாத எவர்சில்வர் அல்லது எனாமல் பாத்திரம் எடுங்கள். பூச்சில்லாத அலுமினியமும் இரும்பும் இதற்கு ஆகாது. இந்தப் பழத்தின் புளிப்பு எலுமிச்சைக்குக் கிட்டத்தட்டச் சமம். அமிலம் உலோகத்தைக் கரைத்து வாயில் நாணயம் வைத்தது போன்ற ருசியைத் தரும், நிறத்தையும் மங்கடிக்கும். பாத்திரம் பெரிதாக இருக்கவேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. பழம் வெடிக்கும்போது நுரை பொங்கும், பாகு தெறிக்கும்.

முதலில் சர்க்கரை, தண்ணீர், உப்பு, மசாலா. சர்க்கரை கரைந்து ஒரு கொதி வந்ததும் சிம்மில் வைத்து மூடிப் பத்து நிமிடம் விடுங்கள். நேரம் இருந்தால் அடுப்பை அணைத்துவிட்டு மேலும் இருபது நிமிடம் மூடியபடி வைக்கலாம், வாசனை இன்னும் ஆழமாக இறங்கும். ஒரு சொட்டை ஆறவிட்டு நாக்கில் வையுங்கள். உங்களுக்குப் பிடித்த அளவைவிட மசாலா ஒரு படி தூக்கலாக இருக்கவேண்டும், ஏனென்றால் இதன்மேல் 340 கிராம் பழம் விழப்போகிறது. தூக்கலாக வந்துவிட்டதா? கிராம்பையும் அன்னாசிப்பூவையும் இப்போதே எடுத்துவிடுங்கள். பட்டையும் இஞ்சியும் கடைசிவரை கிடக்கலாம். சாஸில் மறந்துவிட்ட கிராம்பு இரவெல்லாம் ஊறி, மறுநாள் மருந்து வாசனை அடிக்கும். 'கசக்கிறது' என்று வரும் புகாரில் பாதி இதுதான்.

மசாலா பாகில் ஊறும் நேரத்தில் பழத்தைப் பார்த்துவிடலாம். காம்பை நீக்குங்கள். நசுங்கியது, பழுப்பேறியது, அழுத்தினால் அமுங்குவது எல்லாம் குப்பைக்கு. நல்ல கிரான்பெர்ரி கெட்டியாக இருக்கும், மேசையில் போட்டால் துள்ளும். உள்ளே நான்கு காற்றறைகள் இருப்பதால்தான் துள்ளுகிறது, தண்ணீரில் மிதக்கிறது. அடுப்பில் வெடிப்பதற்கும் அந்தக் காற்றும் நீராவியும் விரிவதுதான் காரணம். உறைந்த பழமாக இருந்தால் உருகவிடவேண்டாம், அப்படியே போடுங்கள். உருகவிட்டால் சாறு வடிந்து தோல் தொளதொளத்துப் போகும். கொதி திரும்ப இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

பழத்தையும் ஆரஞ்சுச் சாற்றையும் பாகில் போட்டு மிதமான தீயில் வையுங்கள். மூடி வேண்டாம். நான்கைந்து நிமிடத்தில் படபடவென்று வெடிக்கத் தொடங்கும். முக்கால்வாசி வெடித்ததும் தீயைச் சற்றுக் குறைத்து இன்னும் மூன்று நான்கு நிமிடம். அடிபிடிக்காமல் இருக்கும் அளவுக்குக் கிளறினால் போதும். கரண்டியால் நசுக்கவேண்டாம். சர்க்கரை முன்பே பாகில் இருப்பதால் தோல் அவ்வளவு சீக்கிரம் குழையாது, அங்கங்கே முழுப் பழமும் மிஞ்சும். உங்களுக்கு முழுதும் குழைந்த சாஸ்தான் பிடிக்கும் என்றால் வரிசையை மாற்றுங்கள்: மசாலாவைத் தண்ணீரில் மட்டும் கொதிக்கவைத்து, அதில் பழத்தை வெடிக்கவிட்டு, பிறகு சர்க்கரை போட்டு இரண்டு நிமிடம் கொதிக்கவிடவும்.

எப்போது இறக்குவது என்பதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். அடுப்பில் கெட்டியாகத் தெரிந்தால் நேரம் கடந்துவிட்டது என்று பொருள். கிரான்பெர்ரியில் பெக்டின், அதாவது ஜாமை இறுகவைக்கும் இயற்கைப் பொருள், நிறைய உண்டு. பழம் வெடிக்கும்போது அது பாகில் கலக்கிறது. அமிலமும் சர்க்கரையும் துணைக்கு இருக்க, ஆறும்போதுதான் வலையாகப் பின்னிக்கொண்டு இறுகுகிறது. சூடாக இருக்கும்வரை சாஸ் கரண்டியிலிருந்து தளர்வாக வழிவதுதான் சரி. கண்ணை நம்பாவிட்டால் இரண்டு வழி உண்டு. ஃப்ரீசரில் வைத்த சிறு தட்டில் அரைக் கரண்டி ஊற்றி, ஒரு நிமிடம் கழித்து நடுவே விரலால் கோடு இழுங்கள். கோடு மூடாமல் நின்றால் பதம். இன்னொன்று தராசு. மேலே சொன்ன அளவில் பாத்திரத்துக்குள் போனது ஏறக்குறைய 780 கிராம். பாத்திரத்தின் எடை கழித்து 650 முதல் 680 கிராம் நிற்கும்போது இறக்கினால், கரண்டியில் அள்ளினால் குவிந்து நிற்கும் பதம் கிடைக்கும். சமையலறைத் தராசு இருப்பவர்களுக்கு இதைவிட நிச்சயமான வழி இல்லை.

இறக்கிய பிறகுதான் தோல் துருவல். அதன் வாசனை எண்ணெய் கொதியில் பறந்துவிடும். துருவும்போது ஆரஞ்சு நிறம் மட்டும் வரவேண்டும். கீழே உள்ள வெள்ளைப் பகுதி சேர்ந்தால் அதுவே கசப்பு. பட்டையையும் இஞ்சியையும் எடுத்துவிட்டு அறைச் சூட்டுக்கு ஆறவிட்டு, மூடி ஃப்ரிட்ஜில் குறைந்தது நான்கு மணி நேரம். ஓரிரவு விட்டால் மசாலா பழத்தோடு ஒன்றிவிடும். குளிர்ந்தபின் இனிப்பு குறைவாகத் தெரியும். சூட்டில் சுவைத்து 'கொஞ்சம் இனிப்பாகிவிட்டதோ' என்று தோன்றினால் சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இனி, கெட்டுப்போனதைச் சரிசெய்வது. மறுநாளும் ஓடுகிறதா? பெரும்பாலும் வேகவில்லை, அல்லது ஆரஞ்சுச் சாறு தாராளமாகப் போய்விட்டது. திரும்ப அடுப்பில் வைத்து மூன்று முதல் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டால் இறுகும். சர்க்கரையைப் பாதியாகக் குறைத்திருந்தால் அந்தத் தளர்ச்சி போகாது, ஏனென்றால் பெக்டின் வலை நிற்பதற்குச் சர்க்கரையும் வேண்டும். அதைக் கரண்டியில் அள்ளும் சாஸாகவே பரிமாறுங்கள். சோளமாவு கரைத்து ஊற்றும் யோசனையை விடுங்கள், பளபளப்பு போய்ச் சாஸ் மங்கலாகிவிடும். மீண்டும் மீண்டும் அரை மணி நேரம் கொதிக்கவிடுவதும் உதவாது. அமிலத்தில் நீண்ட நேரம் கொதித்தால் பெக்டினே உடைந்துபோகும். அப்போது பாகு கெட்டியாகிப் பிசுபிசுக்கும், ஆனால் உறைந்து நிற்காது.

களியாக இறுகியதா? இரண்டு மேசைக்கரண்டி வெந்நீரோ ஆரஞ்சுச் சாறோ சேர்த்துச் சிறு தீயில் கிளறினால் இளகும்.

கசப்பையும் துவர்ப்பையும் பிரித்துப் பார்ப்பது நல்லது. தொண்டையைப் பிடிப்பது போன்ற துவர்ப்பு இந்தப் பழத்தின் இயல்பு, அது டானின். கொழுப்புள்ள இறைச்சியோடும் கிரேவியோடும் சாப்பிடும்போது அது குறையாகத் தெரியாது, சொல்லப்போனால் வான்கோழிக்கு அருகில் இந்தச் சாஸை வைப்பதே அந்த வேலைக்காகத்தான். தனியாகச் சுவைத்துவிட்டு மேலும் மேலும் சர்க்கரை கொட்டினால் ஜாம் ஆகிவிடும். புளிப்பே தாங்கவில்லை என்றால் கால் தேக்கரண்டிக்கு மிகாமல் சமையல் சோடா போடலாம். நுரைத்துப் பொங்கி அடங்கும், சர்க்கரை குறைவாகவே போதும். அதற்கு மேல் போனால் சிவப்பு நிறம் ஊதா பக்கம் திரும்பும், சோப்பு ருசி வரும், இறுகுவதும் தளரும். பழத்தின் சிவப்பு, அமிலம் இருக்கும்வரைதான் சிவப்பு. என்னைக் கேட்டால் சோடா தேவையில்லை, இன்னொரு சிட்டிகை உப்பே போதும்.

முழு மசாலா கிடைக்காதவர்களுக்கு: பட்டைப் பொடி கால் தேக்கரண்டி, கிராம்புப் பொடி ஒரு சிட்டிகை. உலர்ந்த சர்க்கரையோடு கலந்து பிறகு தண்ணீர் ஊற்றினால் கட்டி தட்டாது. நிறம் சற்றுக் கலங்கும். பட்டைப் பொடி அதிகமானால் சாஸுக்கு ஒரு வழவழப்பு வந்துவிடும், அதை எடுக்க வழியில்லை.

டப்பாவில் வருவது போல வெட்டிப் பரிமாறும் ஜெல்லி வேண்டும் என்றால் இதே முறைதான், தண்ணீரை மட்டும் 120 மி.லி. ஆக்குங்கள். பழம் முழுதும் வெடித்தபின் நசுக்கி, சூட்டோடு வடிகட்டியில் கரண்டியால் அழுத்தித் தேயுங்கள். வடிகட்டியின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் கூழையும் வழித்துச் சேர்த்துவிடுங்கள், இறுக்கம் அதில்தான் இருக்கிறது. எண்ணெய் லேசாகத் தடவிய அச்சில் ஊற்றி ஓரிரவு அசைக்காமல் குளிரவைக்கவும். பாதி உறைந்த நிலையில் கிளறினால் வலை அறுந்து, பிறகு நேராக நிற்காது.

சேர்மானங்கள் அவரவர் விருப்பம். ஆப்பிளோ பேரிக்காயோ பொடியாக நறுக்கி, பழம் போடுவதற்கு மூன்று நிமிடம் முன்பே பாகில் போடவும். போர்ட் ஒயின் ஊற்றுவதானால் மூன்று மேசைக்கரண்டி போதும், அதே அளவு தண்ணீரைக் குறைத்துக்கொண்டு முதலிலேயே ஊற்றவேண்டும், கடைசியில் ஊற்றினால் பச்சைச் சாராய நெடி நிற்கும். வால்நட், பீக்கன் எல்லாம் பரிமாறும்போது தூவினால்தான் மொறுமொறுப்பு. தேனோ மேப்பிள் சிரப்போ பயன்படுத்தினால் அவற்றிலும் தண்ணீர் இருக்கிறது என்பதை நினைவில் வைத்து நாலைந்து மேசைக்கரண்டித் தண்ணீரைக் குறையுங்கள்.

கூட்டம் பெரிது, இரண்டு பை வேண்டும் என்றால் அகலமான பாத்திரம் எடுங்கள். ஆழமான பாத்திரத்தில் நீர் சுண்ட நேரமாகி, அதற்குள் பழம் குழைந்துவிடும். மசாலாவை இரட்டிப்பாக்கவேண்டாம், ஒன்றரை மடங்கே போதும். மூன்று பைக்கு மேல் என்றால் தனித்தனியாகச் செய்துவிடுவதே நிம்மதி.

ஃப்ரிட்ஜில் மூடி வைத்தால் ஒரு வாரம் முதல் பத்து நாள் நிற்கும். ஆகவே விருந்துக்கு மூன்று நாள் முன்பே செய்துவிடலாம், அன்று அடுப்பு வேறு வேலைக்குக் கிடைக்கும். பரிமாற அரை மணி முன் வெளியே எடுங்கள். மேசையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடவேண்டாம். ஃப்ரீசரில் இரண்டு மூன்று மாதம் தாங்கும், உருகும்போது கொஞ்சம் நீர் விடும், ஒரு கொதி விட்டால் சேர்ந்துகொள்ளும். சூட்டோடு பாட்டிலில் ஊற்றி மூடி அலமாரியில் வைப்பது பாதுகாப்பல்ல. நாட்கணக்கில் வெளியே வைக்கவேண்டும் என்றால் பாட்டிலைக் கொதிநீரில் பதப்படுத்தும், சோதிக்கப்பட்ட செய்முறையை அளவு மாற்றாமல் பின்பற்றவும்.

புதிய பழத்தின் அறுவடை செப்டம்பர் நடுவில் தொடங்கி நவம்பரில் முடிந்துவிடும். கிறிஸ்துமஸுக்கும் அதன் பிறகும் வேண்டும் என்றால் நவம்பர் கடைசியில் வரும் அமெரிக்க விருந்து நாளான தேங்க்ஸ்கிவிங் சமயத்தில் கூடுதலாக வாங்கி, கழுவாமல் பையோடு ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். அடுப்பில் போடும் அன்று கழுவிக்கொள்ளலாம்.