அப்பாவின் சூயிங்கமும் வீட்டு நாயும்

கேள்வி: சர்க்கரை நோயாளியான அப்பா சைலிட்டால் என்ற மாற்று இனிப்பு கலந்த சூயிங்கம் மெல்கிறார். வீட்டில் 10 கிலோ நாய் இருக்கிறது. பயப்படணுமா?

பதில்: அப்பா தாராளமாக மெல்லட்டும், அளவு மீறினால் வயிறு உப்பும், பேதியாகும், அவ்வளவுதான். நாய்க்குக் கதையே வேறு. நம் கணையம் சைலிட்டாலைச் சட்டை செய்வதில்லை, நாயின் கணையமோ அதைச் சர்க்கரை என்றே நினைத்து இன்சுலினைக் கொட்டிவிடும், அரை மணி நேரத்திலேயே ரத்தச் சர்க்கரை சரிந்து வாந்தி, தள்ளாட்டம், வலிப்பு வரை போகலாம். கிலோ எடைக்கு 0.1 கிராமே ஆபத்து, 0.5 கிராமைத் தாண்டினால் கல்லீரலும் கெடலாம். உங்கள் நாய்க்கு 1 கிராம் போதும்; சில சூயிங்கத்தில் ஒரே துண்டில் அவ்வளவு இருக்கும்! டப்பாவில் சேர்பொருள் எண் 967 என்று போட்டிருந்தால் அது சைலிட்டால்தான். தின்றுவிட்டால் உப்புத்தண்ணீர் வைத்தியமெல்லாம் வேண்டாம், டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். அப்புறம், எரித்ரிட்டால் என்ற இன்னொரு மாற்று இனிப்பு நாய்க்கு இந்த வேலையைச் செய்வதில்லை.