லாஸ் வேகஸ் கண்காட்சியில் காட்டும் ஸ்மார்ட் டிவி, ஸ்மார்ட் வீட்டுச் சாதனங்கள் வேலூர் வீட்டுக்கு ஒத்துவருமா?

தாராளமாக ஒத்துவரும். ஆனால் டிவி விலையைப் பார்க்கும் முன் வீட்டுச் சுவிட்ச் போர்டைப் பாருங்கள்.

ஜனவரியில் நடக்கும் சிஇஎஸ் கண்காட்சியில் விளக்கு, ஏசி, கதவுப் பூட்டு எல்லாவற்றையும் டிவி திரையிலிருந்தே இயக்கிக் காட்டுகிறார்கள். 2022 அக்டோபரில் 'மேட்டர்' என்ற பொதுத் தரம் வெளியானது. ஆப்பிள், கூகுள், அமேசான், சாம்சங் நான்கும் அதை ஏற்றிருக்கின்றன. அதனால் ஒரே கம்பெனி பொருளாகவே வாங்க வேண்டிய கட்டாயம் குறைந்துவிட்டது. இன்டர்நெட் நின்றாலும் வீட்டு வைஃபை இருந்தால் மேட்டர் சுவிட்ச் வேலை செய்யும். எனவே ரவுட்டரை இன்வெர்ட்டர் லைனில் போடுங்கள்.

உண்மையான சிக்கல் வயரிங்கில்தான். கொசப்பேட்டை, சைதாப்பேட்டை பக்கத்துப் பழைய வீடுகளில் விளக்குப் போர்டைக் கழற்றினால் பல இடங்களில் மின்சாரம் வரும் ஃபேஸ் வயரும் விளக்குக்குப் போகும் வயரும் மட்டுமே இருக்கும். மின்சாரம் திரும்பும் நியூட்ரல் வயர் நேராக விளக்குக்கே போயிருக்கும். விளக்கு அணைந்திருக்கும்போதும் ஸ்மார்ட் சுவிட்ச் விழித்திருக்க மின்சாரம் வேண்டும், அதற்குத்தான் பெரும்பாலான சுவிட்சுகள் நியூட்ரல் கேட்கின்றன. பிளக் பாயின்ட் உள்ள போர்டில் அது கண்டிப்பாக வந்திருக்கும், அங்கிருந்து தொடங்கலாம். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை வைத்தே பார்க்கவும்.

விலை குறைந்த சாதனங்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில்தான் சேரும். ரவுட்டரில் அது ஆனில் இருக்கட்டும்.

படம் நன்றாகத் தெரியும் பழைய டிவியை மாற்றவே வேண்டாம். எச்டிஎம்ஐ துளையில் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் போதும். மிச்சப் பணத்தை வயரிங்குக்குச் செலவழியுங்கள்.