ரயில் ஓடாத மேம்பாலத்தை ஏன் பூங்காவாக்குகிறார்கள்?

கைவிட்ட ரயில் மேம்பாலத்தை இடிக்காமல், மேலே செடி நட்டு, நடைபாதை போட்டுத் திறந்துவிடுவதுதான் ரயில் பாதைப் பூங்கா. நெரிசலான நகரத்தில் இவ்வளவு நீளமான, அறுபடாத இடம் வேறெங்கும் கிடைக்காது. சரக்கு ரயிலைத் தாங்கிய பாலம் மண்ணையும் மனிதர்களையும் தாங்கும்.

பாரிஸ் 1993-இலேயே இதைச் செய்து காட்டியது. நியூயார்க்கின் ஹை லைன் என்ற சரக்கு ரயில் மேம்பாலத்தில் 1980-இல் கடைசி ரயில் போனது. அப்புறம் ஜல்லிக்கு நடுவே புல்லும் காட்டுப்பூவும் தானாக முளைத்தன. 2009-இல் பூங்கா திறந்தபோது அந்தக் காட்டழகையே மாதிரியாக வைத்து நட்டிருந்தார்கள். கழற்றி வைத்த பழைய தண்டவாளங்கள் சிலவற்றையும் செடிகளுக்கிடையே திரும்பப் பதித்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

மண்ணைக் கொட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் மொட்டைமாடித் தோட்டம் மாதிரிதான் இதுவும்: தண்டவாளம், ஜல்லி எல்லாம் அகற்றி, கான்கிரீட்டைப் பழுதுபார்த்து, கசிவை அடைத்து, தண்ணீர் வடிய வழிசெய்த பிறகே மண் ஏறும்.