உச்சிக்குழி துடிப்பது ஏன்?

கேள்வி: நான்கு மாதப் பேத்தியின் உச்சியில் எண்ணெய் வைக்கும்போது விரலுக்கடியில் துடிப்புத் தெரிகிறது. மண்டை எலும்புகள் சேரவில்லையா?
– வாசகி ஒருவர், தக்கலை.

பதில்: அஞ்ச வேண்டாம், அம்மா, அது இரத்த ஓட்டத்தின் துடிப்பு. பிறக்கும்போது தலை சற்றே ஒடுங்கி வெளிவரவும், பின்னர் மூளை வளரவும் வழிவிட்டு, மூளையை மூடும் தட்டையான எலும்புகள் நார்த்திசுவால் மட்டுமே பிணைந்திருக்கும். அவற்றுக்கிடையிலான உச்சிக்குழி பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குள் மூடிவிடும். வளர்ந்தவரின் மண்டையோட்டில் 22 எலும்புகள் உண்டு; அவற்றின் பொருத்துகளை உற்றுப் பார்த்தால், தச்சர் பல்வெட்டிக் கோத்த பலகைகளைப் போல, நெளிநெளியாக ஒன்றையொன்று கவ்வியிருக்கும். கீழ்த்தாடை மட்டுமே அசையும். எண்ணெயை மெல்லத் தடவுங்கள். அழுத்தித் தேய்க்கவே கூடாது. குழந்தை அழாதபோதும் குழி புடைத்தோ, நன்றாக உள்வாங்கியோ இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.