பாலைவனப் பேக்கேஜ்: ஒட்டகத்தின் மேல் எத்தனை நிமிடம்?

கேள்வி: டிசம்பர் கடைசியில் குடும்பத்தோடு ஜெய்சல்மேர் போகிறோம். நான், கணவர், 7 வயதிலும் 12 வயதிலும் இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள 68 வயது மாமனார். போனில் பேசிய ஏஜென்ட் ஒருவர், "கேமல் சஃபாரி, ஜீப் சஃபாரி, டென்ட், சாப்பாடு, கலைநிகழ்ச்சி எல்லாம் சேர்த்து ஆளுக்கு 4,500 ரூபாய். இன்றே பாதிப் பணம் ஜிபே பண்ணினால்தான் இந்த ரேட்" என்கிறார். கட்டலாமா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: இன்றைக்குக் கட்ட வேண்டாம். அவர் ஏமாற்றுகிறார் என்று சொல்ல வரவில்லை. எதை விற்கிறார் என்று அவரும் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை.

தக்காளி வாங்கினால் எத்தனை கிலோ என்று கேட்கிறோம். 'கேமல் சஃபாரி'க்கு அப்படி ஓர் அளவே கிடையாது. சாலையோரத்தில் ஏறி மணல்மேடு வரை போய்த் திரும்பும் இருபது நிமிடமும் கேமல் சஃபாரிதான். இரண்டு மணி நேரம் புதர்க்காட்டு வழியே போவதும் அதேதான். இரண்டு இரவு வெட்டவெளியில் படுத்தெழும் பயணத்துக்கும் அதே பெயர். நான் முதல் தடவை போனபோது நோட்டீஸில் 'சூரிய அஸ்தமன சஃபாரி' என்று போட்டிருந்தார்கள். ஒட்டகத்தின் ஆட்டத்துக்கு இடுப்பு பழகி, சரி, இனி சுற்றிலும் பார்க்கலாம் என்று நிமிர்ந்தேன், ஒட்டகம் உட்கார்ந்துவிட்டது. சூரியன் இன்னும் ஒரு பனைமர உயரத்தில் நின்றது. "அவ்வளவுதானா?" என்றேன். ஒட்டகக்காரர் சிரித்தார். அடுத்த ஆள் ஏறக் காத்திருந்தார்.

ஆகவே ஏஜென்டிடம் வாட்ஸ்அப்பில் கேளுங்கள், பதிலும் எழுத்தில் வரட்டும். ஒட்டகத்தின் மேல் எத்தனை நிமிடம், ஓர் ஒட்டகத்துக்கு எத்தனை பேர், ஜீப் நமக்கு மட்டுமா, வேறு ஆட்களும் ஏறுவார்களா? டென்டிலிருந்து மணல்மேடு நடக்கும் தூரமா, இல்லை வண்டியில் போகணுமா? டிசம்பர் கடைசி என்பதால் இன்னொன்றும் உண்டு. புத்தாண்டை ஒட்டிய நாட்களில் பல முகாம்களில் 'காலா டின்னர்', அதாவது சிறப்பு இரவு விருந்து, என்று தனிக் கட்டணத்தைக் கட்டாயமாகச் சேர்ப்பார்கள். 4,500-ல் அதுவும் அடங்குமா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். "மேடம், எல்லாம் இன்க்ளூடட், கவலையே படாதீங்க" என்று மட்டும் பதில் வந்தால் அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அப்புறம் இடம். ஜெய்சல்மேரிலிருந்து மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் இருப்பது சாம். வரிசையாகக் கூடார முகாம்கள், ஜீப் சத்தம், ஒலிபெருக்கி, மேட்டின் மேல் திருவிழாக் கூட்டம். பிள்ளைகளுக்குப் பிடிக்கும். தென்மேற்கில் உள்ள குரி கிராமம் அமைதியானது, மண்குடிசைகளில் தங்கலாம். உங்கள் குடும்பத்துக்கு நான் குரியைச் சொல்வேன். ஆனால் பெரியவருக்கு மேற்கத்தியக் கழிப்பறை வேண்டும் என்றால் முன்பே படம் அனுப்பச் சொல்லிப் பார்த்துவிடுங்கள்.

பணம் கட்டும் விஷயம். முதலில் முகாமின் பெயரைக் கேட்டு, அங்கேயே நேராகப் போன் போட்டு விலை விசாரியுங்கள். பல நேரம் ஏஜென்ட் என்பவர் நடுவில் நிற்கும் ஆள்தான். ஜிஎஸ்டி எண் கொடுத்தால் ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டுப் பாருங்கள், யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று காட்டும். முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைக் குறிக்கும், ராஜஸ்தானுக்கு 08. ஜெய்சல்மேர் முகாம் என்று சொல்லிவிட்டு எண் வேறு மாநிலத்தில் தொடங்கினால் காரணம் கேளுங்கள். தனிநபர் பெயருக்கு ஜிபே பண்ணுவதைவிட நிறுவனக் கணக்குக்கு அனுப்புவது நல்லது. அதைவிட நல்லது கிரெடிட் கார்டு. சொன்னது கிடைக்காவிட்டால் வங்கியிடம் அந்தத் தொகைக்கு ஆட்சேபம் எழுப்ப அதில் வழி இருக்கிறது.

மாமனாரை ஒட்டகத்தில் ஏற்ற வேண்டாம். ஒட்டகம் எழும்போது பின்னங்கால்களைத்தான் முதலில் நிமிர்த்தும். மேலே இருப்பவர் அப்படியே முன்னால் சாய்ந்துவிடுவார். உட்காரும்போது முன்னங்கால்கள் முதலில் மடங்கும், அப்போதும் அதே கதை. இரண்டு தடவையும் உடம்பைப் பின்னால் சாய்த்துச் சேணத்தின் பிடியைக் கெட்டியாகப் பிடிக்க வேண்டும். முழங்கால் வலிக்காரருக்கு இது ஆகாது. சாமில் ஒட்டக வண்டி ஓடுகிறது, அதில் அவர் சுகமாக வரலாம். குரிக்குப் போவதென்றால் அங்கே வண்டி உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளை ஒட்டகத்தின் மேல் உங்களில் ஒருவரோடு சேர்ந்து உட்காரட்டும்.

கேள்வி: நானும் நண்பனும் இரண்டு இரவு ஒட்டகப் பயணம் போக நினைக்கிறோம். முகாம் வேண்டாம், மணலிலேயே படுக்க ஆசை. என்ன பார்த்துப் பேச வேண்டும்?
- ஒரு கல்லூரி மாணவர், மதுரை

பதில்: நல்ல ஆசை. ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். தார் பாலைவனம் முழுக்க மணல்மேடு இல்லை. பெரும்பகுதி புதரும் கட்டாந்தரையும்தான். நம்மூர் எருக்கு அங்கேயும் நிற்கும். ராஜஸ்தானியர் கேஜ்ரி என்று கும்பிடும் மரம் நம்முடைய வன்னி. முதல் நாள் பகல் முழுக்க "மணல் எங்கேப்பா?" என்று உங்கள் நண்பன் கேட்பான். அதனால் இரவு தங்குமிடம் மணல்மேட்டிலா என்று பேசிக்கொள்ளுங்கள்.

ஒட்டகம் நடப்பது மணிக்கு நாலைந்து கிலோமீட்டர். ஒரு மணி நேரத்திலேயே தொடை கெஞ்சும். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் சவாரி, நகரத்திலிருந்து எதுவரை ஜீப்பில் கொண்டுபோய் விடுவார்கள், ஆளுக்கு எத்தனை லிட்டர் குடிநீர், எத்தனை ரஜாய் என்று கேளுங்கள். ரஜாய் என்பது அங்கத்திய பஞ்சுப் போர்வை. டிசம்பர், ஜனவரி இரவில் வெப்பம் 10 டிகிரிக்கும் கீழே போகும், பொழுது சாய்ந்ததுமே மணல் சில்லிட்டுவிடும். மதுரைத் துண்டை நம்பிப் போகாதீர்கள். நட்சத்திரம் பார்க்க ஆசை என்றால் அமாவாசையை ஒட்டித் தேதி வையுங்கள்.

ஏறும் முன் ஒட்டகத்தையும் ஒரு சுற்று பாருங்கள். சேணத்துக்கு அடியிலோ மூக்குக் கயிற்றுப் பக்கமோ புண் இருந்தால் வேறு ஒட்டகம் கேளுங்கள், தயங்கவே வேண்டாம்.

கேள்வி: போன சீசனில் மணல்மேட்டை ஒட்டிய சொகுசு டென்ட் என்று பணம் வாங்கினார்கள். கிடைத்தது சாலையோரத்தில், வெந்நீர்கூட இல்லாத டென்ட். கேட்டதற்கு "சீசன் சார், அட்ஜஸ்ட் பண்ணுங்க" என்றார்கள். வழக்குப் போட ராஜஸ்தானுக்குத்தான் போகணுமா?
- ஒரு வாசகர், கோவை

பதில்: வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். இது சேவைக் குறைபாடு. கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும், போன சீசன்தானே, நேரம் இருக்கிறது.

ஆனால் அதற்கு முன் 1915-க்குப் போன் செய்யுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் அது, தமிழிலும் பேசலாம். அவர்கள் நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். சில சமயம் அந்தக் கட்டத்திலேயே பணம் திரும்பிவிடும். விளம்பரத்தில் வந்த டென்ட் படம், உங்கள் போனில் எடுத்த டென்ட் படம், பணம் போன ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், இவற்றைத் தேதியோடு எடுத்து வையுங்கள். அந்த 'அட்ஜஸ்ட் பண்ணுங்க' செய்தியாக வந்திருந்தால் அதை அழித்துவிடாதீர்கள். டென்ட் மாறிப்போனதை அவர்களே ஒப்புக்கொண்ட மாதிரி அது.

இதே போல் பணத்தை வாங்கிக்கொண்டு போனையே அணைத்துவிட்ட ஆள் என்றால் அது மோசடி. அதற்குச் சைபர் குற்ற உதவி எண் 1930, தெரிந்த அந்த நிமிடமே கூப்பிட வேண்டும்.