பக்கத்துப் பண்ணை மரணமும் ஷெரிப்பின் கேள்விகளும்

அன்புள்ள தம்பி,

மேற்கு டெக்சாஸுக்கு வந்து மூன்று மாதங்களே ஆன நிலையில், பக்கத்துப் பண்ணை முதியவர் சந்தேகத்துக்குரிய முறையில் இறந்து கிடந்ததையும், உள்ளூர்க் காவல் தலைவரான ஷெரிப் இரண்டு முறை உங்கள் வீட்டுக்கு வந்து விசாரித்ததையும் சொல்லி, "என்மீது சந்தேகமா? பதில் சொல்லலாமா, ஒதுங்கிக்கொள்ளலாமா?" என்று கேட்டிருந்தீர்கள். பத்தொன்பது ஆண்டுகளாக இந்த மாட்டுப் பண்ணைச் சீமையில் வாழ்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஷெரிப் இரண்டாம் முறை வந்ததை வைத்துக் கலங்க வேண்டாம். இறந்தவரின் பண்ணைக்குப் போகும் மண்பாதையை நாள்தோறும் பார்ப்பவர் நீங்கள் ஒருவராகவே இருக்கலாம். இங்கே ஷெரிப் என்பவர் மேலிடத்திலிருந்து மாற்றலாகி வரும் அதிகாரி அல்லர். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்ற பகுதி) மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவர். பெரும்பாலும் இறந்தவரையும் அவர் மாடுகளின் சூட்டுக்குறியையும் அறிந்தவராகவே இருப்பார். வழக்கு பெரிதானால் மாநில அளவிலான புலனாய்வுப் பிரிவான டெக்சாஸ் ரேஞ்சர்களின் உதவியைக் கேட்டுப் பெறுவார்.

ஆனால் மரணத்தின் காரணத்தை முடிவு செய்வது ஷெரிப் அல்லர். டெக்சாஸின் 254 கவுண்டிகளில் மருத்துவப் பரிசோதகர், அதாவது மரணங்களை ஆராயும் அரசு மருத்துவர், அலுவலகம் உள்ளவை மிகச் சில. மற்ற இடங்களில், தேர்தலில் வென்று வரும் சமாதான நீதிபதிதான் (சிறு வழக்குகளைக் கேட்கும் உள்ளூர் நீதிபதி) மரண விசாரணை நடத்துகிறார். அவர் மருத்துவராகவோ வழக்கறிஞராகவோ இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்பதில்லை. பிரேதப் பரிசோதனை தேவை என்று அவர் கருதினால், உடலைத் தொலைவிலுள்ள பெருநகரத்துக்கு அனுப்பி, அறிக்கைக்காகக் காத்திருக்க வேண்டும். 2016 பிப்ரவரி 13 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி அண்டோனின் ஸ்கேலியா, பிரெசிடியோ கவுண்டிப் பண்ணை விடுதி ஒன்றில் இறந்து கிடந்தபோது, சமாதான நீதிபதிகள் அருகில் இல்லாததால், கவுண்டி நீதிபதி தொலைபேசியிலேயே விசாரித்து, இயற்கை மரணம் என்று அறிவித்தார். பிரேதப் பரிசோதனை நடக்கவில்லை. நாட்டையே வியக்கவைத்த அந்த நடைமுறைக்குச் சட்டத்தில் இடம் இருந்தது. ஆகவே உங்கள் பக்கத்தில் விசாரணை மெதுவாக நகர்வதை, உங்களுக்கு எதிராக ஏதோ நடப்பதாக எண்ணிக்கொள்ளாதீர்கள்.

என் அனுபவம் ஒன்றைச் சொன்னால் உங்களுக்குப் பயன்படும். 2011 கடும் வறட்சியில் எங்கள் பக்கத்துப் பண்ணையாளர் இறந்து கிடந்தார். விலாவில் கன்றிய காயமும், மணிக்கட்டில் கயிறு அறுத்த தடமும் இருந்ததால் யாரோ கட்டிவைத்து அடித்திருக்கலாம் என்று ஷெரிப் ஐயுற்றார். "டேங்க் பக்கம் அவரைப் பார்த்தீர்களா?" என்று என்னைக் கேட்டார். காற்றாலையின் கீழிருந்த இரும்புத் தொட்டியை நினைத்து, இல்லை என்றேன். மாடுகள் தண்ணீர் குடிக்க வெட்டிய குட்டையைத்தான் இங்கே டேங்க் என்பார்கள் என்பது இரண்டு நாள் கழித்தே எனக்குத் தெரிந்தது. முந்தின மாலை அந்தக் குட்டையின் சேற்றில் சிக்கிய பசுவை, கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு அவர் தனியே இழுத்துக்கொண்டிருந்ததை நான் பார்த்திருந்தேன். உடனே ஷெரிப் அலுவலகத்துக்குப் போய்ச் சொன்னேன். சேற்றில் புதைந்த கயிற்றை அவர்கள் தோண்டி எடுத்தார்கள். சில வாரங்களில் வந்த பிரேதப் பரிசோதனை அறிக்கை மாரடைப்பு என்றது. நான் பேசாமல் இருந்திருந்தால், அங்கே வேலை செய்த மெக்சிகோ இளைஞன்மீது பழி விழுந்திருக்கும் என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

ஆகவே, கேட்ட சொல் புரியாவிட்டால் திருப்பிக் கேளுங்கள். வேலிக்கதவு திறந்திருந்ததா, சங்கிலி போட்டிருந்ததா, மாடுகள் தீவனத்துக்குக் கத்தினவா என்று ஷெரிப் கேட்பதெல்லாம், இறந்த நேரத்தைக் கணிக்கவே. கண்ணால் கண்டதை மட்டும் சொல்லுங்கள், ஊகத்தைச் சேர்க்காதீர்கள். பொய் சொன்னால் அதுவே தனிக் குற்றமாகிவிடும். கேள்விகள் உங்கள் நடமாட்டத்தின்மீதே திரும்பினால், வழக்கறிஞரோடுதான் பேசுவேன் என்று மரியாதையாகச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. விசாவில் இருப்பதால் அந்த உரிமை குறைந்துவிடாது. இதைப் பற்றி வாட்ஸ்அப் குழுக்களில் எதுவும் எழுத வேண்டாம்.

இறந்த முதியவரின் வீட்டு அம்மாவைப் போய்ப் பார்க்க அஞ்சாதீர்கள். இங்கேயும் துக்க வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் சமைத்து எடுத்துச் செல்வார்கள். காரம் குறைத்து ஏதாவது செய்து கொண்டுபோய்க் கொடுங்கள்.