கழுத்துப் பிடிப்புக்கு நீச்சல் சரிவருமா?

கேள்வி: எனக்கு 38 வயசு சார், ஐடி வேலை, காலைல உக்காந்தா ராத்திரிதான் எந்திரிக்கிறேன். கழுத்துல இருந்து இடுப்பு வரைக்கும் ஒரே பிடிப்பு, முட்டி வலியால வாக்கிங்கும் போக முடியல. இந்த வயசுல நீச்சல் கத்துக்கலாமா?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: தாராளமா கத்துக்கலாம், 38 எல்லாம் ஒரு வயசா! நெஞ்சளவு தண்ணில நின்னாலே உங்க எடையில ஏறக்குறைய மூணுல ஒரு பங்குதான் காலுக்கு வரும், அதான் ரோட்டுல நடந்தா கத்துற முட்டி குளத்துக்குள்ள கம்முனு இருக்கு. ஆனா ஒண்ணு, தலைய தண்ணிக்கு மேல தூக்கி வச்சுக்கிட்டே நீந்துறாங்க பாருங்க நம்மாளுங்க, அப்படி நீந்தினா கழுத்து வலி கூடத்தான் செய்யும், அதனால முதல்ல மூச்ச தண்ணிக்குள்ள புஸ்ஸுனு விட்டுப் பழகுங்க, மல்லாக்க நீந்தவும் கத்துக்கோங்க. தவளை மாதிரி கால் உதைக்கிறத முட்டி சரியாகுற வரைக்கும் தள்ளிப் போடுங்க, வலி ரொம்ப நாளா இருந்தா முதல்ல டாக்டர்கிட்ட காட்டிடுங்க.

உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்கு வாரத்துக்கு 150 நிமிஷம் மிதமான உடற்பயிற்சி சொல்லுது, வாரம் 3 நாள் 50 நிமிஷம் நீந்தினா கணக்கு முடிஞ்சுது. எலும்பு பலத்துக்கு மட்டும் நீச்சல் பத்தாது, கொஞ்சம் வெயிட்டும் தூக்கணும்.

குளிச்சுட்டு இறங்குங்க. மூக்க அரிக்கிற அந்த குளோரின் வாசனை நம்ம வேர்வையும் சிறுநீரும் குளோரினோட சேர்றதால வர்றது (யார் வேலைன்னு கேக்காதீங்க!). கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கிட்டு மட்டும் இறங்கவே இறங்காதீங்க.